மடிந்த காது

தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரியில் இருக்க வேண்டும். கூடினால் வயதானவர்களின் தோல் சிவந்துவிடும், குறைந்தால் நடுங்குவார்கள். முதியோர் இல்லத்தின் குளியலறையில், தொட்டிக்குள் மிதக்கும் மீன் வடிவ வெப்பமானியைப் பார்த்துத்தான் அவள் குழாயைத் திருப்புவாள். கையை விட்டுப் பார்க்கமாட்டாள்.

"ஏன்க்கா, கை வெச்சா தெரியாதா?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"என் கைக்கு ஒண்ணும் தெரியாது. மீன் என்ன சொல்லுதோ அதுதான்."

வெந்நீர் அக்கா என்பது அங்கே அவளுக்கு விழுந்த பெயர். கீழ்த்தளத்தில் பதினான்கு பேர். ஆளுக்கு வாரம் இரண்டு குளியல். இருபத்தொரு வருடமாக இதே வேலை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து துண்டுக்கு. யாரையும் அவள் கடிந்து பேசியதில்லை, யாரிடமும் குழைந்ததுமில்லை. காலையில் குளிப்பாட்டிய ஒருவர் மாலையில் இறந்துபோனால், படுக்கை விரிப்பை உருவி மடித்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். "கல்லுல செஞ்ச பொம்பளை" என்று சமையலறையில் பேசிக்கொள்வார்கள். அவள் காதில் விழும்படியேதான் பேசுவார்கள். அவளுக்கு அது உறைத்ததே இல்லை.

அந்தக் கல் எப்போது கல்லாயிற்று என்பது சமையலறைக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். ஏழு மாதக் குழந்தை. இடது காதின் மேல்விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், படித்த இடம் மறக்காமலிருக்கப் புத்தகத்தின் ஓரத்தை மடித்துவைப்போமே, அதைப்போல. "வளர வளர நிமிர்ந்துடும்" என்றார் வீட்டுக்காரர். "நிமிர வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள் இவள். கழுத்து மடிப்பில் பால் வழிந்து தேங்கி லேசாகப் புளிப்பு வாசனை வரும். குளிப்பாட்டும் முன் தன் முழங்கையைத் தண்ணீரில் நனைத்துச் சூடு பார்ப்பாள். உள்ளங்கை பொய் சொல்லும், முழங்கை சொல்லாது என்று அவளுடைய அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாய் திறக்குமுன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் அவளை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படி அழுதாள். அடக்கச் சடங்கை முடித்த பாதிரியார் அருகில் வந்து அவள் தலையில் கை வைத்தார்.

"அழாதேம்மா. உன் பிள்ளை இப்போ சம்மனசு ஆயிட்டா. வானதூதருக்காக யாராவது அழுவாங்களா?"

சுற்றி நின்றவர்கள் "ஆமாம், ஆமாம்" என்றார்கள். சாமியே சொல்லிவிட்டாரே என்று அவள் அழுகையை விழுங்கினாள். நிறுத்தியது நின்றே போயிற்று. அதன்பிறகு அவள் பெற்றோர் போனார்கள்; வீட்டுக்காரர் ஒரு விபத்தில் சிக்கிப் பிழைத்தார்; எதற்கும் ஒரு சொட்டு வரவில்லை.

வந்தது ஒரு கேள்வி மட்டும். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் படித்தது நினைவிருந்தது: வானதூதர்களுக்கு உடல் கிடையாது, படத்தில் இருக்கும் சிறகெல்லாம் வரைந்தவர் கற்பனை. உடம்பு இல்லையென்றால் காது ஏது? கழுத்து ஏது? நாளைக்கே அவளும் செத்து அந்த வாசலில் போய் நின்றால், ஆயிரம் வெளிச்சங்களுக்கு நடுவில் தன் பிள்ளை எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்?

சொன்னவரிடமே கேட்டுவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த மாதமே பாதிரியாருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வேறு யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரிடம் கேட்டால் அவர் உடைந்துபோவார். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போனாள். எல்லோரும் எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிடும்போது, கடவுள் உடல் எடுத்து மனிதரானார் என்கிற இடத்தில் எல்லாத் தலைகளும் குனியும். அவள் தலையும் குனியும். நிமிரும்போது அதே கேள்வி நெஞ்சில் நிற்கும். கடவுளுக்கே உடம்பு இருந்ததாம். என் பிள்ளைக்கு இருக்கா, இல்லையா?

இந்த நிலையில்தான் போன மாதம் ஆம்புலன்ஸ் ஒன்று வந்து, பதினோராம் எண் அறையில் ஒரு முதியவரை இறக்கிவிட்டுப் போனது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்ட உடல். கோணிய வாய். அவள் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவள், அப்படியே நின்றாள்.

அதே பாதிரியார்.

அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. இவளும் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். குளிக்கும்போது தனியாக இருப்போமே, அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டாள். இருபத்திரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு இரண்டு நாள் பெரிதா?

ஆனால் அவர் குளிக்க மறுத்துவிட்டார்.

முதல் நாள் "வேண்டாம்" என்றார். இரண்டாம் முறை, நல்ல நிலையிலிருந்த இடது கையால் சோப்புத் தட்டைத் தட்டிவிட்டார். பெண் என்பதால் கூச்சமோ என்று ஆண் உதவியாளரை அனுப்பினார்கள். அவன் திரும்பி வந்து, "சாமி பல்லை நறநறன்னு கடிக்கிறாருக்கா, எனக்கே உதறல் எடுக்குது" என்றான். ஆணா பெண்ணா என்பதல்ல சிக்கல். இன்னொரு மனிதர் தன் உடம்பைப் பார்ப்பதே அவருக்குச் சிக்கல். முகத்தையும் இடது கையையும் துடைக்க விடுவார். போர்வையைத் தொட்டால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தையல்காரர். கோயில் குளம் எதற்கும் போகாதவர். வாய் மட்டும் ஓயாதவர்.

"ஏன் சாமி, நாப்பது வருஷமா ஊரான் பிள்ளைங்க தலையில எல்லாம் தண்ணி ஊத்தினீங்க. அதுங்க வீல் வீல்னு கத்துச்சே, விட்டீங்களா? இப்ப உங்க முறை."

"வாயை மூடுய்யா."

"வாயை மூடிக்கிறேன். மூக்கை எத்தனை நாளைக்கு மூடுறது?"

பன்னிரண்டு நாள் ஆயிற்று. விரிப்பு மாற்றத் தூக்கியபோது பார்த்தார்கள், பின்னிடுப்பில் படுக்கைப்புண் தொடங்கியிருந்தது. சனிக்கிழமை காலை தலைமை நர்ஸ் அவளைத் தன் மேசைக்கு அழைத்தார்.

"அக்கா, திங்கக்கிழமை டாக்டர் வர்றார். புண்ணு இந்த அழுக்கோட இருக்கிறதைப் பார்த்தார்னா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவார். அங்க கையைக் கட்டிப் போட்டுத்தான் கழுவுவாங்க. போனா திரும்பி வர்ற உடம்பா அது?"

"வராது."

"நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்களேன்."

"நான் பேசி யாரு கேட்டிருக்காங்க?" என்றாள். ஆனால் உள்ளே ஒன்று கணக்காகச் சொல்லிற்று: அவர் போனால் பதிலும் போய்விடும்.

ஞாயிறு காலை பொதுக்கூடத்தில் சின்னதாக ஒரு ஜெபக் கூட்டம். பாதிரியாரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். நாக்குப் புரளவில்லையென்றாலும் பிரசங்கம் அவரை விடவில்லை. அவள் பின்சுவரோரம் நின்று துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கடவுள் மேல உட்கார்ந்துக்கிட்டு நம்மளைப் பார்த்துப் பாவப்படலை," என்று இழுத்து இழுத்துப் பேசினார். "இறங்கி வந்தார். மனுஷ வேஷம் போட்டுக்கலை, மனுஷனாவே ஆனார். பசிச்சுது. தாகம் எடுத்துது. நடந்து களைச்சுக் கிணத்து மேட்டுல உட்கார்ந்தார். படகுல அசந்து தூங்கினார். அடிச்சா வலிச்சுது. நம்ம உடம்புல எதையும் அவர் வேண்டாம்னு சொல்லலை."

அவள் ஒரு துண்டைப் பாதி மடித்தபடி நிறுத்தினாள். பசி, தாகம், களைப்பு, தூக்கம், வலி. ஒன்று விட்டுப்போயிருந்தது. தொழில்காரிக்கு மட்டும் தெரியும் ஒன்று.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல்காரரைத் தோட்டத்தில் வெயிலில் உட்காரவைத்துவிட்டு வந்தாள். பதினோராம் அறைக் கதவைச் சாத்தினாள். பாதிரியாரின் கை தானாகப் போர்வையைப் பிடித்தது.

"நான் தொடலை சாமி. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"காலைல சொன்னீங்களே, மனுஷனாப் பொறந்தவர். அவரைக் குழந்தையில குளிப்பாட்டினது யாரு?"

"இதென்ன கேள்வி? அவங்க அம்மாதான்."

"பீத்துணி துவைச்சது?"

அவர் முகம் சுளித்தார். "என்ன பேச்சு பேசுற?"

"இல்ல, தெரிஞ்சுக்கக் கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதானே. ஏழு மாசக் குழந்தையைக் குளிப்பாட்டணும்னா கால்ல கவுத்துப் போடணும். தொடை இடுக்கு, பின்பக்கம் எல்லாம் கழுவணும். இல்லன்னா புண்ணாயிடும். அவருக்கும் அப்படித்தானே செஞ்சிருப்பாங்க? வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், ஒரு ஏழைப் பொண்ணு தன்னைக் கழுவட்டும்னு விட்டாரா, இல்லையா?"

பாதிரியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். சுவரில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சிலுவையில இருந்து இறக்கினப்பவும் யாரோதானே கழுவித் துணி சுத்தினாங்க. பொறந்தப்பவும் விட்டார், செத்தப்பவும் விட்டார். அவரை விடப் பெரிய ஆளா சாமி நீங்க?"

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டோமோ என்று தோன்றிற்று. கோணிய வாய் துடித்தது. கோபம் என்று நினைத்தாள். அது சிரிப்பு.

"நாப்பத்தஞ்சு வருஷம் பிரசங்கம் பண்ணேன்," என்றார். "ஒரு தடவை கூட அந்தக் குழந்தையோட துணியை எவன் துவைச்சான்னு யோசிக்கலை." போர்வையிலிருந்து அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. "திரையைப் போடும்மா. கதவைத் தாழ்ப்பாள் போடு."

தொட்டி நிரம்பிற்று. மீன் முப்பத்தெட்டு காட்டிற்று. இடுப்பில் ஒரு துண்டைப் போர்த்தி, தூக்கு நாற்காலியில் உட்காரவைத்து மெல்ல இறக்கினாள். தண்ணீர் நெஞ்சைத் தொட்டபோது அவர் கண்களை மூடிக்கொண்டார். விலா எலும்புகள் எண்ணிவிடலாம்போல இருந்தன. முதுகைத் தேய்த்தாள். அக்குளைத் தேய்த்தாள். செத்த வலது கையைத் தூக்கிப் பிடித்து விரல் விரலாகக் கழுவினாள். இந்தக் கைதான் அன்றைக்குத் தன் தலையில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை. ஈரத்துணியை எடுத்து அடுத்த கைக்குப் போனாள்.

பிறகு, நேரம் கேட்பதைப்போலக் கேட்டாள்.

"சாமி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊருல இருந்தீங்க. என் பெண் குழந்தையை நீங்கதான் அடக்கம் பண்ணீங்க. ஏழு மாசம்."

அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஞாபகம் இல்லையே அம்மா."

"பரவாயில்லை. அழாதே, உன் பிள்ளை சம்மனசு ஆயிட்டான்னு சொன்னீங்க."

"சொல்லியிருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்த எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்வேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியாது. ஒரு அம்மா அந்த மாதிரி அழறதை என்னால நின்னு பார்க்க முடியாது. சீக்கிரம் நிறுத்தினாப் போதும்னு இருக்கும்."

"நிறுத்திட்டேன்," என்றாள்.

அந்த ஒரு சொல்லில் எதையோ கேட்டவர்போல அவர் நிமிர முயன்றார். தண்ணீர் அலம்பிற்று.

"சம்மனசுக்கு உடம்பு கிடையாதாமே சாமி. அப்ப என் பிள்ளைக்கும் இல்லையா? அவளுக்கு இடது காது மடிஞ்சிருக்கும். அது இல்லன்னா எனக்கு அவளைத் தெரியாது. இது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்."

குழாய் நுனியிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. அவர் நாக்கோடு போராடினார்.

"பொய்ம்மா," என்றார். "நான் சொன்னது பொய். மனுஷங்க செத்தா சம்மனசு ஆறதில்லை. சர்ச் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆறுதலுக்காக நான் சொன்னது. கடவுளுக்கு சம்மனசா வர்றது எவ்வளவு சுலபம்! வரலையே. சதையும் ரத்தமுமாத்தான் வந்தார். வந்துட்டு, வேலை முடிஞ்சுதுன்னு அந்த உடம்பைக் கழட்டியும் போடலை. உயிர்த்து எழுந்தப்போ கையில ஆணித் தழும்போட வந்து நின்னார். தொட்டுப் பாருன்னார். இன்னைக்கும் அந்தத் தழும்போடதான் இருக்கார்."

மூச்சு வாங்கியது. அவள் காத்திருந்தாள்.

"அவர் தழும்பு அவர்கிட்ட இருக்குன்னா, உன் பிள்ளை காது உன் பிள்ளைகிட்ட இருக்கும். கடைசி நாள்ல எல்லாரையும் உடம்போட எழுப்புவார்னு சொல்லித்தானே ஞாயித்துக்கிழமைல எழுந்து நிக்கிறோம். எப்படின்னு கேக்காதே, எனக்குத் தெரியாது. இருக்கும்னு நம்பறேன்."

"மடிஞ்சே இருக்குமா? நிமிர்ந்துடாதே?"

"நீ அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கும்."

"சரி," என்றாள். பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு அவர் தோளில் ஊற்றினாள்.

"அம்மா... அழாதேன்னு சொன்னேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு. தன் சிநேகிதன் செத்தப்போ, மனுஷனா வந்த அந்தக் கடவுளே அழுதார். அவனை உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதார். நீ அழலாம்."

"வரலை சாமி."

அவருக்குத்தான் வந்தது. கோணிய முகத்தில் ஒரு பக்கமாக வழிந்தது. அவள் துண்டின் நுனியால் துடைத்துவிட்டாள். மற்றவர்களுக்குத் துடைப்பதைப்போலத்தான் துடைத்தாள். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து வைத்து, புதுச் சட்டை மாட்டிக் கட்டிலில் சேர்த்தாள். தோட்டத்திலிருந்து திரும்பிய தையல்காரர் மூக்கை உறிஞ்சி, "அட, அறை மாறி வந்துட்டேனா?" என்றார்.

மாலை வீடு திரும்பியபோது வீட்டுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சின்னத் திருகாணிகள் ஒரு தட்டில். அவள் பையை மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க. நம்ம பாப்பா சம்மனசு இல்லையாம்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல் இந்த வீட்டில் ஒலித்ததில்லை. பாப்பா.

"யார் சொன்னது?"

"சொன்னவரே சொல்லிட்டார். பாப்பா பாப்பாவாத்தான் இருக்காளாம். உடம்போட எழுந்திருப்பாளாம்."

அவர் திருகாணித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"காது?"

"காதும்."

தினமும் தன் வாயில் வந்து திரும்பிப்போன கேள்வி இவருக்குள்ளும் இருந்திருக்கிறதென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஆளுக்கொரு பக்கம் அதையே வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. அவள் எழுந்துபோய் அந்தத் தோளில் கை வைத்தாள். அழாதீங்க என்று சொல்லவில்லை. அவருக்குப் போதும் என்கிறவரை நின்றாள்.

திங்கட்கிழமை டாக்டர் புண்ணைப் பார்த்தார். "ஆழமாப் போகலை. சுத்தமா இருக்கு, இங்கேயே ஆறிடும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சமையலறையில் வழக்கம்போலப் பேசினார்கள். அவளும் வழக்கம்போல வேலை பார்த்தாள். உள்ளே தேடிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் நடந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி பாதிரியாரின் முறை. தொட்டியை நிரப்பினாள். மீன் மிதந்து வந்து நின்றது. முப்பத்தெட்டு. நாற்காலியைத் தள்ளப் போனவள் நின்றாள். வலது கைச் சட்டையை மேலே சுருட்டினாள். குனிந்து, முழங்கையைத் தண்ணீரில் நனைத்தாள்.

"என்னம்மா பார்க்கிற?" என்றார் பாதிரியார்.

அவள் முழங்கையை எடுக்காமல், யாரோ சொல்வதை உற்றுக் கேட்கிறவள்போல இருந்தாள்.

"கொஞ்சம் சூடா இருக்கு," என்றாள். "இருங்க சாமி, விளாவுறேன்."